ஆறப்போட்ட கையெழுத்து

இப்போதெல்லாம் கட்டைவிரலை வைத்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வீட்டை விற்கிறவன் விற்றுவிடுகிறான். தாலியைக் கழற்றுகிறவள் கழற்றிவிடுகிறாள். விரலை எடுத்துப் பார்த்தால் பச்சை விளக்கு, 'உறுதி' என்று ஒரு சொல், அவ்வளவுதான். போன மாதம் எங்கள் ஊர்ப் பதிவகத்தில் ஒரு பெண் விரல் வைத்த மறுநிமிடமே, "ஐயோ, வேணாம், நிறுத்துங்க சார்" என்று கத்தினாள். "எதைம்மா நிறுத்துறது? முடிஞ்சு போச்சே" என்றார் அங்கே இருந்தவர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் வேறு 'காத்திருப்பே இல்லாத உலகம்' என்று ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரம். இதை எழுதியவன் யாருக்காகவும் எதற்காகவும் ஒரு நாள்கூடக் காத்திருந்திருக்க மாட்டான் என்று வாய்விட்டே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

என் பெயர் தையல்நாயகி. வயது அறுபத்தெட்டு. நிலாவில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவள். நிலா என்றதும் ராக்கெட் ஓட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் போட்ட கையெழுத்துகளைப் பூமிக்குத் தள்ளிவிடுவதுதான் என் வேலை.

நிலாவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டுவதற்கு ஒரு குடியிருப்பு இருந்தது. எண்ணூறு பேர், அதில் பாதிக்கு மேல் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். அங்கே எந்த நாட்டு அரசாங்கமும் கிடையாது. அப்புறம் யார் முன்னால் கல்யாணம் பதிவது, எந்தச் சட்டப்படி உயில் எழுதுவது? அதனால் கிரிப்டோ நாணயத்துக்காக என்றோ கண்டுபிடித்த ஏற்பாட்டையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். சம்பளம், கல்யாணம், விவாகரத்து, சொத்து, ஊர் திரும்பும் கப்பல் சீட்டு, எதுவானாலும் கையெழுத்துப் போட்டு பிளாக்செயின் என்கிற, யாராலும் அழிக்க முடியாத பொதுக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அது சட்டம். அங்கிருந்து பூமிக்கு இருந்த ஒரே வழி, பள்ளத்தின் விளிம்பில் தகர டப்பா மாதிரி நின்ற எங்கள் ரிலே நிலையம். அதில் நானும் செலினும் இருந்தோம். செலின் தூத்துக்குடிக்காரி, என்னைவிட இரண்டு வயது சின்னவள். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே பூமி ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. டீயை ஆற்றினால் டம்ளருக்கு டம்ளர் அது சாவகாசமாக இறங்கும், எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. ஷிஃப்ட் முடிந்தவர்கள் எல்லாரும் எங்கள் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். "போயிடுச்சா?" என்று ஒரு கேள்வி. "இன்னும் இல்லை" என்றால் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். கல்யாணம் என்றால் இன்னும் விசேஷம். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையெழுத்து ஏறி, அதன்மேல் ஆறு பிளாக், அதாவது ஆறு பதிவுக் கட்டு, அடுக்கினால்தான் கேசரி. ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம் பெண்ணை எல்லாரும் சேர்ந்து படுத்துகிற பாடு இருக்கிறதே! இப்போது அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

கேசரி கிளறுகிறவள் கான்டீன் அஞ்சுகம் அக்கா. விளாத்திகுளத்துக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள், பெரிய குரல். அவள் நிலாவுக்கு வந்து மூன்று வருடம் கழித்து, பனி வெட்டுகிற வேலைக்கு அவள் கணவர் சுடலைமுத்து அண்ணனும் வந்து சேர்ந்தார். சண்டை போட ஆள் இல்லாமல்தான் பின்னாலேயே வந்தார் என்று ஊரே சொல்லும். உப்பில் ஆரம்பித்து மாமியாரின் ஈமக்காரியம் வரை போகிற சண்டை.

வந்த புதிதில் அக்கா ஒரு நாள் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, கையெழுத்துப் போட்டா நேரா போயிர வேண்டியதுதான? எதுக்கு எல்லாரும் 'போயிட்டா, போயிட்டா'ன்னு வந்து நிக்காக?"

"மினி பஸ் ஸ்டாண்டுன்னு வெச்சுக்குங்கக்கா. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அதுக்குப் பேரு பிளாக்கு. நீங்க கையெழுத்துப் போட்டதும் ஸ்டாண்டுல வந்து நிக்கிறீங்க. அந்த ஸ்டாண்டைத்தான் நாங்க குளம்னு சொல்றது. வண்டியில இடம் கொஞ்சம். யாரு தள்ளுக்காசு கூடுதலா வெச்சிருக்காங்களோ அவங்களை முதல்ல ஏத்திப்பாங்க."

"கொறச்சலா வச்சவன்?"

"காலி வண்டி வர்ற வரைக்கும் நிக்கணும். கூட்டம் ரொம்பிடுச்சுன்னா ஸ்டாண்டுக்குள்ளயே விட மாட்டாங்க. ரெண்டு வாரம் பாத்துட்டு அழிச்சிடுவாங்க. கையெழுத்தே போடாத மாதிரி ஆயிடும்."

"அம்புட்டு கையெழுத்தும் ஒரே குளத்துலயா கெடக்கு?"

"இல்லக்கா. ஒவ்வொரு நோடுக்கும், அதாவது இந்தக் கணக்கை வெச்சிருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், ஒரு குளம். என் குளத்துல இருக்கிறதை நான் பக்கத்து நோடுக்குச் சொல்லுவேன், அவன் அடுத்தவனுக்குச் சொல்லுவான். ஊருக்குள்ள சேதி பரவுற மாதிரிதான். ஆனா இங்கேர்ந்து பூமிக்குப் பக்கத்து வீடு நாங்க ஒருத்தர்தான்."

"நடுவுல மனசு மாறிட்டா?"

"வண்டி ஏறாத வரைக்கும் மாறலாம். கூடக் கொஞ்சம் காசு வெச்சு மாத்தி எழுதி அனுப்பினா பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசை வெச்சுப்பாங்க. ஏறிட்டா கடவுளே வந்தாலும் இறக்க முடியாது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பம் இது என்னை மாதிரி சண்டைக்காரிக்குன்னே செஞ்ச ஏற்பாடு."

சொன்ன மாதிரியே செய்தாள். அண்ணன் வந்து சேர்ந்த அடுத்த மாதமே புருஷனை விட்டுவிட்டேன் என்று ஒரு கையெழுத்து வந்தது.

இங்கேதான் எங்கள் திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். ரிலேக்காரர்கள் வந்ததை வந்தபடி தள்ளிவிட வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் நான் வருவதற்கு முன்னால், பனி வெட்டுகிற ஒருவர் கோபத்தில் கூடப்பிறந்த தம்பியோடு உறவே இல்லை என்று எழுதி அனுப்பி, அது ஏறியும்விட்டது. மறுநாள் அவர் வந்து இந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அன்றிலிருந்து செலின் ஒரு வழக்கம் ஆரம்பித்தாள். ஏழாம் வகைக் கையெழுத்து, அதாவது எதையாவது விட்டுக்கொடுக்கிற கையெழுத்து வந்தால், தள்ளாமல் ஒரு நாள் தனியே எடுத்து வைப்பது. அதற்கு 'ஆறப்போடுறது' என்று பெயர். யார் போட்டது, என்ன வகை, எவ்வளவு தள்ளுக்காசு என்பது மட்டும்தான் எங்கள் திரையில் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேறு சாவி போட வேண்டும், நாங்கள் போட மாட்டோம். தள்ளுக்காசை வைத்தே ஆளின் மனசைச் சொல்லிவிடுவோம். "நெஜமா வேணும்னா நல்லாக் காசு வைப்பான். மனசில்லாதவன்தான் கொறைச்சு வைப்பான்" என்பாள் செலின். அநேகமாக அது சரியாகவே இருந்தது.

அஞ்சுகம் அக்கா எப்போதும் இருப்பதிலேயே குறைந்த காசுதான் வைப்பாள். நாங்கள் ஆறப்போடுவோம். மறுநாள் காலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள். "தங்கச்சி, அது போயிட்டா?" "குளத்துலதான்க்கா நிக்குது." "மாத்திப் போட்டுருதேன். என்ன செய்ய, கூறுகெட்ட மனுசன், நான் இல்லைன்னா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போவாரு." வருடத்தில் ஏழெட்டுத் தடவை இது நடக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அந்தப் புத்தி திரும்பி வர ஒரு நாள் கொடுக்கிறோம் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. வருடத்துக்கு ஒரு கப்பல்தான் ஊர் திரும்பும், அதன் பயணிகள் பட்டியல் மறுநாள் புதன் மாலை ஆறு மணிக்கு மூடப் போகிறது. முன்னால் வந்தவர்களுக்கு முன்னால் சீட்டு. அந்த வருடம் அக்காவின் முறை வந்திருந்தது. அண்ணனுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அண்ணன் இருமல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது.

காலை எட்டு மணிக்குத் திரையில் ஒரு வரி வந்தது. அஞ்சுகம், ஏழாம் வகை, இருப்பதிலேயே குறைந்த தள்ளுக்காசு.

"பாத்தியா செலின், படுத்துக் கெடக்கிற மனுஷன்கிட்டகூட விடலை" என்று சிரித்தேன். அதை எடுத்து ஆறப்போட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "போயிட்டா தங்கச்சி?"

"போயிட்டிருக்குக்கா" என்றேன். எப்போதும் சொல்கிற பொய்தான்.

அவள் அண்ணனைத் திட்டவில்லை, உட்காரவில்லை, டீயும் வேண்டாம் என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை.

புதன் காலை எட்டு மணி வரை மாற்றி எழுத அவள் வரவில்லை. வழக்கப்படி கையெழுத்தைப் பூமிக்குத் தள்ளினேன். ஒன்றேகால் விநாடியில் அங்கே போய்ச் சேரும், பதில் வர இன்னொரு ஒன்றேகால் விநாடி. 'காசு போதாது' என்று திரும்பி வந்தது. அடுத்த நோடுக்குத் தள்ளினேன். அவனும் அதையே சொன்னான். பூமியில் ஏதோ ஒரு புது நாணயத்துக்காக ராத்திரியே ஜனங்கள் முண்டியடித்திருக்கிறார்கள். எல்லாக் குளமும் ரொம்பி வழிந்தது. நேற்றுவரை செல்லுபடியான காசுக்கு இன்றைக்கு உள்ளேயே விடவில்லை.

இரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் சாவியைப் போட்டு உள்ளே திறந்தேன்.

ஊர் திரும்பும் சீட்டு. விட்டுக்கொடுப்பவர் அஞ்சுகம். பெறுபவர் சுடலைமுத்து. மூன்று வருடம் கழித்து வருகிற அவர் முறை இனி அவளுக்கு.

நேற்றுக் காலை எட்டு மணிக்கே தள்ளியிருந்தால் எட்டரைக்குள் ஏறியிருக்கும். அது புத்தி கெட்டுப் போட்ட கையெழுத்து இல்லை. குறைந்த காசு வைத்தது மனசில்லாமல் இல்லை, கையில் இல்லாமல். போன வாரமே இருந்ததையெல்லாம் பூமியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு முன்பணமாக அனுப்பியிருக்கிறாள் என்று அவள் பெயரைத் தேடியபோது தெரிந்தது.

"மாத்தி எழுதச் சொல்லுவமா?" என்றேன்.

செலின் கிராம்பைத் துப்பினாள். "சீட்டுக்கு மட்டும் அது கெடையாதுட்டி. சீட்டை ஏலம் விட்டுருவாங்கன்னு கப்பல் கம்பெனிக்காரன் அடைச்சு வச்சிருக்கான். ஒரு சீட்டுக்கு ஒரு கையெழுத்து, ஒரு கை மாத்தம், அதோட சரி."

"வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. வாங்குறவரு 'ஏத்துக்கிடுதேன்'னு பின்னாலயே ஒரு கையெழுத்துப் போட்டு, அதுல பெரிய காசா வைக்கணும். முன்னது ஏறாம பின்னது ஏற முடியாதுல்லா? பெரிய காசுக்கு ஆசைப்பட்டு பிளாக்கு கட்டுதவன் ரெண்டையும் சேத்து ஏத்திக்கிடுவான். நீ அண்ணன்கிட்ட போ. நான் இங்க பாத்துக்கிடுதேன்."

ஓடினேன். நிலாவில் ஓடுவது தத்தித் தத்திப் போகிற வேலை, எரிச்சலாக வரும். அண்ணன் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். நாலு நாளில் பாதி ஆளாகியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நான் ஒரு நாள் பிடித்து வைத்ததை மட்டும் சொல்லவில்லை. கூட்டம், அதனால் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டார்.

"தூசி உள்ள எறங்கிட்டுன்னு டாக்டர் அவகிட்ட சொன்னதை நானும் கேட்டுட்டுத்தான் கெடந்தேன். இங்கன இருந்தா ஒரு வருசம். கீழ போனா வேற நுரையீரல் வளத்து வைப்பாகளாம்."

"அப்புறம் என்னண்ணே? கையெழுத்துப் போடுங்க. ஆறு மணிக்கு மூடிடுவாங்க."

"போட மாட்டேன்."

"அண்ணே!"

"அவ இங்க வந்து ஏழு வருசமாச்சு தங்கச்சி. ஊரு மண்ணை மிதிக்கணும், வேப்பங்காத்து வாங்கணும்னு பொலம்பாத நாளு கெடையாது. அவ போவட்டும். ஆறு மணிக்கு அது தன்னால கழிஞ்சு போவும்லா? சீட்டு அவ பேருலயே நிக்கும்லா? நீ ஒண்ணும் செய்யாண்டாம். அவகிட்ட வாயைத் திறக்காம இரி, அது போதும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணவில்லை. கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிலேயில் செலினோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். "ஒரு தடவை மூக்கை நுழைச்சதே போதும், அந்த மனுசன் சொன்ன மாதிரி விட்டுரு" என்றாள் அவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு ஆள் ஒரு வருடத்தில் சாகப் போகிறார், அதற்கு நான் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்த ஒரு கையெழுத்து காரணம். அதை வைத்துக்கொண்டு எனக்கு இருக்க முடியவில்லை. பன்னிரண்டரை மணிக்குக் கான்டீனுக்குப் போய் அஞ்சுகம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், இங்கேயும் அந்த ஒன்றைத் தவிர.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், குழாயும் சிலிண்டருமாக அந்த மனுஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கான்டீனுக்கே வந்துவிட்டாள். அடுப்பில் சாம்பார் இருந்தது, அதனால்.

அப்படி ஒரு சண்டையை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. சாப்பிட வந்த ஷிஃப்ட் ஆட்கள் தட்டோடு நின்றுவிட்டார்கள்.

"யோவ், ஒமக்குக் கூறு இருக்கா? நான் போட்ட கையெழுத்தை வாங்கிக்கிட ஒமக்கு வலிக்கோ?"

"நீ யாருட்டி எனக்குச் சீட்டு குடுக்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுக்க விடுவீரா?"

"விட மாட்டேன்! எந்தப் புருசன்டி விடுவான்?"

"கீழ போயி நான் என்னத்தைச் செய்ய? வேப்பமரத்தைக் கட்டிப் புடிச்சு அழவா?"

"இங்க நான் என்ன செய்ய? மூணு வருசம் நீ இல்லாம அங்க..." அதற்குமேல் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அக்கா நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டே திட்டினாள். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திட்டினாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் இரண்டு தட்டு பஜ்ஜி தின்றதை இழுத்தாள். பிறந்து பன்னிரண்டாம் நாளில் இறந்துபோன பிள்ளையைப் பற்றி அவர் எடுத்தார். அது எங்கள் யாருக்கும் தெரியாது. தட்டோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். இரண்டு மணி, மூன்று மணி, நாலே முக்கால்.

ஐந்தேகாலுக்கு அக்கா குரலை இறக்கினாள்.

"சரி, நீரு போட வேண்டாம். சீட்டு என் பேருலயே நிக்கட்டும். ஆனா நான் ஏற மாட்டேன். காலியாப் போவட்டும் அந்தக் கப்பல். ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம். நான் ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன்னு ஒமக்குத் தெரியும்லா?"

அவருக்குத் தெரியும். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அந்தக் கையெழுத்துப் பலகையைக் கொண்டா தங்கச்சி."

கையில் இருந்த அத்தனையையும் தள்ளுக்காசாக வைத்து, ஐந்து நாற்பதுக்கு ஏற்புக் கையெழுத்துப் போட்டார். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு வந்த பிளாக்கில் இரண்டும் சேர்ந்து ஏறின. செலின் ஒலிபெருக்கியிலேயே கத்திவிட்டாள். வெளியே போனவர்கள் எல்லாம் திரும்பி ஓடி வந்தார்கள். ஆறு பிளாக் அடுக்குவதற்குள் அக்கா கேசரியைக் கிளறி முடித்துவிட்டாள். அண்ணன் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சக்கரை கொறச்சல்" என்றார். அதற்கும் ஒரு சண்டை. அன்றைக்குச் சாயங்காலம் மாதிரி ஒரு சாயங்காலம் எனக்கு அதற்கு அப்புறம் கிடைக்கவில்லை.

நாலாவது நாள் கப்பல் ஏறும்போது அவர், "மூணு வருசம்டி" என்றார். "வந்துருதேன். அதுவரைக்கும் யாருகூடயும் சண்டைக்குப் போவாதீரும்" என்றாள் அவள்.

அண்ணனுக்குப் புது நுரையீரல் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். இரண்டாம் வருடம் கான்டீன் பக்கத்துக் காற்றழுத்தக் கதவு பிசகி நாலு பேர் போனார்கள். அதில் ஒருத்தி அஞ்சுகம் அக்கா. அவள் சீட்டுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அதற்கு அப்புறம் நான் ஒரு கையெழுத்தையும் ஆறப்போடவில்லை. சில வருடத்தில் உடனுக்குடன் உறுதியாகிற புது முறை வந்தது. குளமும் போயிற்று, ரிலேயும் போயிற்று. ஊர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. விளாத்திகுளத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும், அந்த ஒரு நாளைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து, தைரியம் வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதிவகத்தில் அந்தப் பெண் கத்தினதைக் கேட்ட பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன வாரம் கிளம்பிப் போனேன், சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று.

அண்ணனுக்கு எழுபத்தைந்து வயது. நன்றாகத்தான் இருக்கிறார், இருமல் இல்லை. தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். ரிலே ஜன்னல், டீ, செலினின் கிராம்பு, மாலையோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்கள் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கான்டீன் சண்டையை அவர் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்தார். அக்கா குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

அப்புறம்தான் சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்குக் கூட்டத்தால தாமதமாகலை. அது முதல் நாளே வந்துடுச்சு. உங்க சண்டைன்னு நெனச்சு நான்தான் ஒரு நாள் பிடிச்சு வெச்சுட்டேன். அதுக்குள்ள கூட்டம் ரொம்பிடுச்சு. உங்க உயிரே போயிருக்கும். இத்தனை வருஷம் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுடுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீயா பிடிச்சு வச்ச?"

"ஆமாண்ணே."

"ஒரு நாளா?"

"ஒரு நாள்தான். இன்னொரு நாள் போயிருந்தா லிஸ்ட் மூடியிருக்கும். உங்க பேரு வந்தே இருக்காது."

"மூடியிருந்தா சீட்டு அவ பேருலயே நின்னுருக்கும்."

"ஆமா. ஆனா அக்கா ஏற மாட்டேன்னு சொன்னாங்களேண்ணே."

"லிஸ்ட்டு மூடுதவரைக்கும் சொல்லுவா. மூடுனப்பறம் எனக்கு அதுல போக வழியே இல்லைன்னு ஆயிட்டா, சும்மா காலியாப் போற சீட்டு. நான் எப்படியாவது பேசி அவளை ஏத்தி விட்டிருப்பேன். எனக்கு அவளைத் தெரியும்." வாசல் பக்கம் பார்த்தார். அவருக்குக் கோபமே இல்லை. கடையில் இன்னும் ஒரு படி அரிசி இருக்குமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இன்னும் ஒரு நாளு பிடிச்சு வச்சிருக்கப்பிடாதா தாயி?"

ஐந்தேகால் பஸ்ஸுக்கு நான் கிளம்பவில்லை.